நாள்தோறும் அரை நாழிகை



ஆண்டு மலரில் தலைமையாசிரியர் எழுதும் பக்கம் பெரும்பாலும் தேர்வையும் ஒழுக்கத்தையும் பற்றியதாகவே அமையும். இம்முறை யான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பள்ளியிலோ கோயிலிலோ கீபோர்டும் ஆர்மோனியமும் கற்கத் தொடங்கும் நம் பிள்ளைகள், அதனை வீட்டில் நாள்தோறும் வாசித்துப் பழகுமாறு செய்வது எங்ஙனம் என்பதே அது.

"பியானோவெல்லாம் பட்டணத்துப் பணக்காரர்களுக்கு, தோட்டத்துப் பிள்ளைக்கு அது எதற்கு?" எனச் சிலர் வினவக்கூடும். நம் கோயில் பஜனையில் ஒலிக்கும் ஆர்மோனியத்தைச் சற்றே உற்று நோக்குங்கள். 1842 ஆம் ஆண்டு பாரிசு நகரில் டெபேன் என்பார் காப்புரிமை பெற்ற கருவி அது. 1875 ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் என்பார், தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை அசைத்து மறு கையால் வாசிக்கத்தக்க பெட்டியாக அதனை மாற்றியமைத்தார். அதில் ஏழு வெள்ளைக் கட்டைகளும் ஐந்து கறுப்புக் கட்டைகளும் மாறி மாறி வருகின்றன. எண்பத்தெட்டுக் கட்டைகள் கொண்ட பெரிய பியானோவிலும் அதே வரிசைதான் உள்ளது. ஆகவே, ஆர்மோனியத்தில் விரல் பழகிய பிள்ளைக்குப் பியானோ அந்நியப் பொருளன்று.

கருவி கிடைத்துவிடலாம், ஆசிரியரும் கிடைத்துவிடலாம். கிடைத்தற்கரியது பழக்கமே. இதனை யான் உணர்ந்தது என் பிழை ஒன்றினால்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியில் யான் பணியாற்றிய காலம். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்திக்குப் பள்ளியின் கீபோர்டை வீட்டிற்குக் கொடுத்தனுப்பினேன். "நாள்தோறும் பழகு" என்று மட்டும் கூறினேன். மூன்று மாதம் கழித்து வாசிக்கச் சொன்னபோது முதல் வரியே அவளுக்கு வரவில்லை. வகுப்பார் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அவள் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை அவளுடைய தந்தை கீபோர்டைக் கைலியில் சுற்றி எடுத்து வந்தார். "ஐயா, பிள்ளையை ஏசாதீர்கள். அவள் வாசிக்க உட்காரும்போதெல்லாம் சத்தம் போடாதே என்று தடுத்தவன் நான்தான். காட்டு வேலை முடிந்து வந்து கண்ணயரும் நேரம் அது" என்றார். அவர்மீது குற்றமில்லை. எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் கேட்க அவள் வாசிப்பாள் என்று யான் ஒரு முறையேனும் வினவினேனில்லை. அம்மாணவி அதன்பின் அக்கருவியைத் தொடவேயில்லை.

'பழகு' என்று ஆணையிடுவதால் பழக்கம் உண்டாவதில்லை. நேரத்தையும் இடத்தையும் செவியையும் பெரியவர்கள் அளித்தால்தான் அது உண்டாகும். இதுவே என் கருத்து.

இதனை நமக்குக் கற்பிக்க வெளியூர் அறிஞர் எவரும் வரவேண்டியதில்லை. நம் பாட்டன் பாட்டியர் ரப்பர் மரம் வெட்டிய முறையை நினைத்துப் பாருங்கள். பொழுது புலருமுன் பிரட்டுக்குச் சென்று, இருளிலேயே நிரையில் இறங்கினர். ஏனெனில், அவ்வேளையில்தான் மரத்தினுள் நீரின் அழுத்தம் மிகுந்து பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏறப் பால் குறையும். அவர்கள் பட்டையை மெல்லியதாகச் சீவினர். ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். தடிப்பாகச் சீவினால் பட்டை வீணாகும். மெல்லிய சீவல், குறித்த நேரம், முறை தவறாமை ஆகிய மூன்றும் சேர்ந்தே மங்கை நிரப்பின. இன்று அந்நிரைகள் பலவற்றில் செம்பனை நிற்கின்றது. ஆயினும் அப்பாடம் அழியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் வாசிப்பது ஆழமாக வெட்டுவதை ஒக்கும். நாள்தோறும் அரை நாழிகை, அதாவது பன்னிரண்டு நிமிடம் வாசிப்பதே மெல்லிய சீவல்.

பெற்றோர் செய்யத்தக்கவை சிலவற்றை ஈண்டுக் கூறுவேன்.

முதலாவது, நேரம். மாலையில் குளித்து, விளக்கேற்றிய பின், தொலைக்காட்சியும் கைப்பேசியும் தொடங்குமுன் என வைத்துக்கொள்ளுங்கள். இரவு வேலைக்குச் செல்வோர் உறங்கும் வீடாயின் அதற்கேற்ப வேறு நேரம் குறியுங்கள். கடிகாரத்தைக் காட்டிலும் அன்றாடச் செயல் ஒன்றோடு இணைத்த நேரமே நிலைக்கும்.

இரண்டாவது, இடம். கருவியைக் கட்டிலுக்கடியில் வைக்காதீர்கள். கண்ணில் படும் இடத்தில், தூசி படாமல் ஒரு துணி போர்த்தி வையுங்கள். எடுத்து வைப்பதற்கே பாடுபட வேண்டுமாயின் பிள்ளை அதனைத் தவிர்க்கவே பார்க்கும்.

மூன்றாவது, செவி. "எனக்கு இசை தெரியாதே" என்று கவலற்க. சமைத்தவாறே, துணி மடித்தவாறே கேளுங்கள். "நேற்றைக்கு இன்று நன்றாயிருக்கிறதே, அதை மறுபடி வாசி" என ஒரு சொல் கூறுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

நான்காவது, நிதானம். புரந்தரதாசர் வகுத்ததாகப் போற்றப்படும் சரளி வரிசை இன்றும் மாயாமாளவகௌளை இராகத்தில்தான் தொடங்குகின்றது. முதற்காலத்தில் மெல்லப் பாடிப் பழகிய பின்னரே இரண்டாங்காலம், மூன்றாங்காலம். கீபோர்டிற்கும் இதே முறை பொருந்தும். தடுக்கிய இடத்தை மட்டும் மூன்று முறை மெல்ல வாசித்தல், முழுப் பாட்டையும் பத்து முறை ஓட்டுவதினும் மேல்.

ஐந்தாவது, குறிப்பு. வாசித்த நாளை நாள்காட்டியில் பிள்ளையே குறிக்கட்டும். ஒரு நாள் தவறினால் ஏச வேண்டா. மறுநாள் தொடர்ந்தால் போதும்.

கருவி இல்லாத வீட்டாரும் வருந்த வேண்டா. தொடையில் தாளம் தட்டிச் சரளி பாடுதற்குக் காசு வேண்டியதில்லை. அதுவும் பயிற்சியே.

பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் 1943 இல் பிறந்த இளையராஜா, தம் தமையன் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்தவர். சென்னை சென்ற பின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையை மாணவராகவே அமர்ந்து கற்றார். 'அன்னக்கிளி' வெளிவந்தது 1976 இல். 2025 மார்ச் 8 அன்று, எண்பது அகவை கடந்த நிலையில், இலண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். நம் பிள்ளைகள் எல்லோரும் அவராக வேண்டும் என யான் கூறவில்லை. சிற்றூரில் பிறந்தமை இசைக்குத் தடையன்று என்றே கூறுகின்றேன்.

மாணவச் செல்வங்களே! இன்று மாலை அரை நாழிகை வாசியுங்கள், நாளையும் வாசியுங்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். பெற்றோர்களே! அவ்வரை நாழிகை மட்டும் "சத்தம் போடாதே" என்னும் சொல்லை விலக்கி வையுங்கள். அன்று யான் ஒரு பிள்ளைக்குச் செய்யத் தவறியதை நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்குச் செய்வீர்களாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!

அன்புடன்,
தலைமையாசிரியர்