பரோட்டாக் கடை எண்ணெயில் விமானம் பறக்குமா?

கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் பறக்கும், பறந்தும் விட்டது! 2023 நவம்பர் 28 அன்று விர்ஜின் அட்லாண்டிக் விமானம் ஒன்று, வழக்கமான பெட்ரோலிய எரிபொருள் இல்லாமலே லண்டனிலிருந்து நியூயார்க் போய்ச் சேர்ந்தது. அதன் டாங்கில் இருந்ததில் பெரும்பகுதி, கழிவு எண்ணெயிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் செய்யப்பட்டது.

காரை பேட்டரியில் ஓட்டலாம். கடல் தாண்டும் விமானத்தை ஓட்ட முடியாது, பேட்டரியின் எடை அப்படி. அதனால்தான் உலகம் இந்தக் கழிவு எரிபொருளைத் தேடுகிறது. வெளிநாடு செல்லும் விமானங்களில் 2027-ல் 1%, 2028-ல் 2%, 2030-ல் 5% கலக்க வேண்டும் என்று இந்தியாவும் இலக்கு வைத்திருக்கிறது. சிக்கல் விலையில்தான். சாதாரண விமான எரிபொருளைப் போல இரண்டு முதல் ஐந்து மடங்கு விலை! 2024-ல் உலக விமானங்கள் எரித்ததில் இதன் பங்கு வெறும் 0.3%.

சரி, இதற்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. பக்கத்தில் வாகைக்குளத்தில் தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. விமானம் வளர்ந்தால் எரிபொருள் தேவையும் வளரும். அப்போது "கிராமத்துக் கழிவையெல்லாம் கொடுங்கள்" என்று யாராவது வந்து நிற்பார்கள்.

அங்கேதான் கவனம் வேண்டும். கரிசல் காட்டில் எது கழிவு? சோளத்தட்டை மாட்டுக்குத் தீவனம். பருத்தி மார் அடுப்புக்கு விறகு. எல்லோரும் திட்டுகிற சீமைக்கருவேலம்கூட மூட்டம் போட்டுக் கரியாக்கும் கூலிக்காரருக்குச் சோறு. இதையெல்லாம் கழிவு என்று கணக்கெழுதினால், விமானத்துக்கு லாபம், சம்சாரிக்கு நஷ்டம்.

பழைய அனுபவமும் உண்டு. 2003-ல் திட்டக்குழு காட்டாமணக்கைத் தூக்கிப் பிடித்தது. தரிசிலும் காய்க்கும் என்றார்கள். தண்ணீர் இல்லாமல் சரியாகக் காய்க்கவில்லை. காய்த்ததை வாங்கவும் ஆள் இல்லை. 2018-ல் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் காட்டாமணக்கு எரிபொருள் கலந்து பறந்தது உண்மைதான். ஆனால் நம்பி நட்ட விவசாயிக்கு அதனால் என்ன வந்தது?

குப்பையை அப்படியே கொட்டி எரிபொருள் எடுக்கலாம் என்பதும் சுலபமில்லை. அமெரிக்காவின் நெவாடாவில் அதைச் செய்ய வந்த ஃபுல்க்ரம் நிறுவனம் 2024-ல் திவாலானது.

அப்படியானால் எங்கே தொடங்குவது? எண்ணெய்ச் சட்டியில்! தூத்துக்குடியின் பொரிச்ச பரோட்டாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பரோட்டாக் கடை, வடைக் கடை, சேவு மிக்சர் போடும் கடை என்று தினமும் எண்ணெய் காய்கிறது. காய்ந்த எண்ணெயில் கேடான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பழைய எண்ணெயைச் சேகரித்து எரிபொருளாக்கும் திட்டமும் 2018-லிருந்து இருக்கிறது. ஆனால் சின்னக் கடைக்காரருக்கு நல்ல விலை கிடைக்காவிட்டால், அந்த எண்ணெய் மறுபடி சட்டிக்கோ சாக்கடைக்கோதான் போகும். இது விமானப் பிரச்சினை மட்டுமல்ல, வயிற்றுப் பிரச்சினையும்கூட.

இந்தியன் ஆயிலின் பானிபட் ஆலை, பழைய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் செய்வதற்கான சர்வதேசச் சான்றிதழை 2025-ல் பெற்றது. ஆண்டுக்கு 35,000 டன் அதன் திட்டம். தூத்துக்குடி எண்ணெய் அவ்வளவு தூரம் போக வேண்டுமா? கச்சா எண்ணெயோடு 5% வரை இத்தகைய எண்ணெயைச் சேர்த்துச் சுத்திகரிக்க சர்வதேசத் தர விதி இடம் கொடுக்கிறது. சென்னை மணலி ஆலையில் இதை முயன்று பார்க்கலாம். எண்ணெயை எரிபொருளாக்க ஹைட்ரஜனும் வேண்டும், வ.உ.சி. துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜன் முன்னோடி ஆலை 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்டிருக்கிறது. சிறியதுதான், ஆனாலும் தொடக்கம்.

தேவையானது பெரிய மாநாடு அல்ல. ஒவ்வொரு ஊரிலும் ஒரு சேகரிப்பு மையம், அதை நடத்த ஒரு மகளிர் சுய உதவிக் குழு, பலகையில் எழுதிப் போட்ட லிட்டர் விலை. வரி யாருக்குப் போகிறது என்று கும்பினிக்காரனிடம் கேட்ட மண் பாஞ்சாலங்குறிச்சி. எண்ணெயின் விலை யாருக்குப் போகிறது என்றும் அது கேட்க வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?