விதைநெல்லும் ஆராய்ச்சி நிதியும்

நெல் விளையும் நாட்டில் வாழ்வார்க்கு விதைநெல்லின் அருமையை எடுத்துரைத்தல் மிகை. எத்துணை வறுமை வந்துற்றபோதும், சோழநாட்டு உழவன் அடுத்த பருவத்திற்கென்று கோட்டை கட்டி வைத்த விதையை உலையிலிடத் துணியான். இன்று பசியாறினும் நாளை நாற்றங்கால் வெறுமையாய்க் கிடக்கும் என்பதை அவன் நன்கறிவான். கலாசாலைகளுக்கும் அத்தகைய விதைநெல் ஒன்று உண்டு. ஆசிரியர் தாமே ஒரு பொருளை ஆராய்ந்து உண்மை காண்பதற்கென்று, கலாசாலை தன் சொந்த வருவாயினின்றும் ஆண்டுதோறும் ஒதுக்கி வைக்கும் சிறு தொகையே அது. அதனை இக்காலத்தார் 'விதைநிதி' என வழங்குதல் மிகவும் பொருத்தமுடைத்து. அந்நிதி ஒவ்வொரு கலாசாலையிலும் இருத்தல் வேண்டும் என்பதும், அது பெயரளவில் நில்லாது கடைமடை வரை சென்று பாய்தல் வேண்டும் என்பதுமே யாம் ஈண்டு வற்புறுத்த விழைவன.

ஆசிரியர் தொழில் போதித்தல் அன்றோ, ஆராய்ச்சி அவர்க்கு எற்றுக்கு எனச் சிலர் வினவுவர். தாம் கற்ற காலத்தில் எழுதிவைத்த குறிப்பையே இருபது ஆண்டுகளாகப் படித்துக்காட்டும் ஆசிரியர் ஒருவரையும், ஒரு புதிய செய்தியைத் தாமே தேடிக் கண்டு அம்மகிழ்ச்சியோடு வகுப்பினுட் புகும் ஆசிரியர் ஒருவரையும் மாணவர் எளிதில் வேறுபிரித்து அறிவர். பின்னவரிடம் பயின்றோர் பாடத்தோடு வினவும் பழக்கத்தையும் கைக்கொள்வர். ஆதலின் ஆராய்ச்சி, போதனைக்கு இடையூறு அன்று, அதற்கு உரமாவதே.

இனி, நம் காவிரி நாட்டின் வரலாற்றையே நோக்குவோம். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராய் விளங்கியவர் உ. வே. சாமிநாதையர். 1887-இல் சீவகசிந்தாமணியும், 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் அவர் உழைப்பால் அச்சேறி ஒளிபெற்றன. இவையனைத்தும் அவர் நாள்தோறும் வகுப்பில் பாடஞ்சொல்லி வந்த காலத்திலேயே நிகழ்ந்தவை. ஏடு தேடி ஊர்தோறும் அலைதற்கு விடுமுறை நாட்களையே அவர் நம்பியிருந்தார். காகிதத்திற்கும் அச்சுக்கூலிக்கும் அன்பர்களிடம் முன்னதாகவே கையொப்பம் வாங்கிப் பொருள் திரட்டினார். அப்பெரியாரைப் போற்றும் நாம் அவர் பட்ட அல்லலையும் ஓர் அணிகலன் போலவே போற்றிவிடுகின்றோம். அவ்வல்லலால் தாமதமுற்ற நூல்கள் எத்தனை, அவர்தம் கைக்கு எட்டுமுன் செல்லுக்கு இரையான சுவடிகள் எத்தனை என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதரோ, முதலில் ஆசிரியராயிருந்து, பின்னர் மருத்துவத் தொழிலில் ஈட்டிய பெரும்பொருளைத் தமிழிசை ஆராய்ச்சிக்கே செலவிட்டார். 1912 முதல் இசை மாநாடுகளைத் தம் செலவிலேயே கூட்டினார். 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். செல்வம் உடையார்க்கு அங்ஙனம் இயலும். மாதச் சம்பளத்தையே நம்பி மனைவி மக்களைப் புரக்கும் ஆசிரியர்க்கு அஃது இயலுமோ?

பிறர் கொடுத்த சிறு தொகை செய்த பெருநன்மைக்கும் இந்நாட்டிலேயே சான்று உளது. சாமிநாதையர் விட்டுச்சென்ற மறு ஆண்டாகிய 1904-இல் அதே கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார் சீனிவாச ராமானுஜன். கணிதம் ஒன்றிலேயே மூழ்கி ஏனைய பாடங்களிற் கருத்தூன்றாமையால், கிடைத்த உதவித்தொகையையும் இழந்தார். 1912-இல் அவர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ஓர் எழுத்தர். 1913 பிப்பிரவரித் திங்களில், பருவமழையை ஆராய்ந்து புகழ்பெற்ற கில்பர்ட் வாக்கர் அவர் திறத்தை வியந்து சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு எழுதினார். பட்டமில்லாத ஒருவர்க்கு அத்தகைய ஆராய்ச்சி உதவி அளிக்க அக்காலத்து விதிகளில் இடமில்லை. ஆயினும் பல்கலைக்கழகத்தார் விதியைக் காட்டி அவரை வாயிலினின்றும் திருப்பி அனுப்பிவிடவில்லை. அரசாங்கத்தின் இசைவைப் பெற்று, 1913 மே முதல் நாள் தொடங்கி ஈராண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் வழங்கினர். மூன்று திங்களுக்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை ஒன்று தருதல் வேண்டும் என்பதே அவர்கள் விதித்த கடப்பாடு. 1914 மார்ச்சில் அவர் இங்கிலாந்து செல்லுமுன் மூன்று அறிக்கைகள் அளித்தார். இன்று உலகக் கணிதர்கள் ராமானுஜனின் தலைமைத் தேற்றம் எனப் போற்றும் முடிபு அவ்வறிக்கைகளிலேயே அமைந்துள்ளது.

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கன மூன்று. தொகை சிறிது, கவலையின்றி உண்டு எண்ணுதற்குப் போதுமானது, அவ்வளவே. விதி மனிதர்க்காக வளைந்தது. மூன்றாவதாக, கொடுத்தவர் கேட்ட கணக்கு அறிவின் கணக்கு. பற்றுச்சீட்டுக் கட்டு அன்று.

'தில்லியில் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றனவே, ஆசிரியர் அங்கே விண்ணப்பிக்கட்டுமே' என்பார் உளர். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் அளவில் ஆராய்ச்சிக்குப் பொருளுதவ எண்ணியுள்ளது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் பணியிலுள்ள ஆசிரியர்க்கென ஓர் ஆராய்ச்சி உதவியை அறிவித்தது. ஒருவர்க்கு 10 லட்சம் ரூபாய். ஆயின் தேர்ந்தெடுக்கப்பெறுவோர் நாடு முழுவதற்கும் 200 பேரே. இவற்றை யாம் குறைகூற வந்தோமில்லை. மேட்டூரில் அணை திறந்த அன்றே வேதாரணியத்துக் கடைமடை நனைந்துவிடுவதில்லை என்பது நம் நாட்டுச் சிறுவரும் அறிந்தது. மேலும், பெருநிறுவனங்கள் விண்ணப்பிப்போரை நோக்கி, 'இதுகாறும் நீவிர் செய்த ஆராய்ச்சி யாது?' என வினவுகின்றன. அவ்வினா முறையானதே. ஆயின் முதல் ஆராய்ச்சிக்கே பொருளில்லாத இளம் ஆசிரியர் யாது விடை பகர்வார்? நாற்றங்காலில் வளர்ந்த நாற்றன்றோ பெருவயலில் நடுதற்குரியது? அந்நாற்றங்காலை அமைத்துத் தருவது அவரவர் கலாசாலையின் கடமை.

'மிஷன் கலாசாலைகள் ஏழை மாணவர் பொருட்டுத் தோன்றியவை. அவர்தம் கட்டணப் பணத்தை ஆசிரியர் ஆராய்ச்சிக்குச் செலவிடலாமோ' என்பது மற்றொரு தடை. இது மனச்சான்று உடையார் எழுப்பும் தடையாதலின் மதித்து விடையளிக்கற்பாலது. ஏழை மாணவன் வேண்டுவது மலிவான கல்வி மட்டுமன்று. செல்வர் மகன் பெருநகரத்திற் பெறும் கல்விக்குச் சற்றும் தாழாத கல்வியும் ஆம். ஆராய்ச்சி செய்யும் ஆசிரியர் பெருநகரங்களிலேயே இருப்பர், கிராமத்துப் பிள்ளைகளுக்குக் குறிப்புப் படிப்போரே போதும் என்று நாம் அமைவோமாயின், அவ்வேழைக்கு நாம் இழைப்பது அருளன்று. மாணவர் உதவிநிதியைக் குறைத்து இந்நிதியை அமைக்குமாறு யாம் கூறவில்லை. புதிய வளைவுகளுக்கும் விழா மேடைகளுக்கும் செலவாவதில் ஒரு பங்கு போதும்.

ஆராய்தற்குரிய பொருளுக்கு இந்நாட்டில் குறைவில்லை. ஆடுதுறையில் 1922-இல் தோன்றிய நெல் ஆராய்ச்சி நிலையம், ஜப்பானிய நோரின் 10 என்னும் நெல்லையும் நம் ஜி.இ.பி. 24 என்னும் நெல்லையும் கலந்து பிறந்த ஏடிடி 27 போன்ற வகைகளை உழவர்க்கு ஈந்தது. அத்தகைய பெரும்பணி கலாசாலை ஆசிரியர்க்கு உரியதன்று. ஆயின் கடலோரக் கிணறுகளில் உப்பு எவ்வாண்டு எவ்வளவு ஏறிற்று என்பதை மாணவரோடு சென்று அளந்து குறித்தல் ஒரு வேதியியல் ஆசிரியரால் இயலும். மோடி எழுத்தில் உறங்கும் மராட்டியர் காலத்து ஆவணங்களைப் படிக்கக் கற்றல் ஒரு வரலாற்றாசிரியரால் இயலும். நடவு இயந்திரம் வந்தபின் நடவுப் பாட்டுக்கள் பாடுவாரின்றி மறைகின்றன. அவற்றைப் பாடத்தெரிந்த மூதாட்டியர் இருக்கும்பொழுதே பதிவுசெய்தல் ஒரு தமிழாசிரியரால் இயலும். இவற்றிற்கு வேண்டுவன பேருந்துக் கட்டணமும், ஓர் ஒலிப்பதிவுக் கருவியும், சில வேதிப்பொருள்களும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வுமே. இச்சிறு தொகைக்காக எவரும் தில்லிக்கு எழுதப்போவதில்லை. கொடுப்பாரின்மையால் வேலை நடவாதொழியும். பத்தாண்டு கழித்துப் பாட்டும் இராது, பாடினாரும் இரார்.

நிதியை வழங்கும் முறை குறித்தும் சில கூறுவோம். விண்ணப்பம் இரண்டு பக்கத்தின் மேற்படலாகாது. அறிவியல் துறைகளே முழுவதையும் கொள்ளாதபடி மொழித்துறைகளுக்கும் பங்கு வேண்டும். சுயநிதிப் பிரிவில் குறைந்த ஊதியத்திற்கு உழைக்கும் ஆசிரியரை ஒதுக்குதல் பெரும் பிழை. கடைமடை என்று யாம் கூறியது சிறப்பாக அவரையே. பொருளினும் அரியது பொழுது. ஆதலின் நிதி பெற்றவர்க்குப் பாடவேளையிலும் சிறிது குறைத்தல் வேண்டும். கருதிய முடிபு கிட்டாதாயின், அதனையும் உள்ளவாறு எழுதித் தருவாரேல் குற்றமாகக் கொள்ளலாகாது. விதைத்தன எல்லாம் முளைத்தல் எந்த வயலிலும் இல்லை.

திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நெல் ஜெயராமன், 2018-இல் மறையுந்துணையும், மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார் முதலிய மரபு நெல்வகைகளைத் திரட்டிக் காத்து வந்தார். அவர் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை பெற்றுச் சென்ற உழவர், மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருதல் முறை. நம் விதைநிதிக்கும் இம்முறையே பொருந்தும். பெற்றவர் மறு ஆண்டு தாம் கண்டதைத் தமிழில் எல்லார்க்கும் விளங்கப் பேசுதலும், இளையார் இருவரை அவ்வழியிற் பழக்குதலும் அவர் திருப்பித் தரும் நான்கு கிலோவாகும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1994-இல் தோன்றிய நாக் என்னும் தர மதிப்பீட்டு அவை, கலாசாலை தன் ஆசிரியர்க்கு விதைநிதி அளிக்கின்றதா எனவும் வினவி வந்துள்ளது. அவ்வினாவால் விழித்துக்கொண்ட கலாசாலைகள் பல, நன்று. ஆயின் மதிப்பெண்ணுக்காக மட்டும் ஏட்டில் ஒரு தொகையை எழுதி வைத்தல், காட்சிக்கு வைத்த பதரை விதை என்பது போலாம்.

பழைய மாணவர்களுக்கு ஒரு சொல். தஞ்சையை அடுத்த சாஸ்திராப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டி. ஆர். ராஜகோபாலன் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிதி உளது. தம் ஆசிரியர் ஒருவர் பெயரால் நம் கலாசாலையிலும் அங்ஙனம் ஒன்றை நிறுவுதல் உங்களுட் பலர்க்கு அரிதன்று. பளிங்குக் கல்லிற் பொறித்த பெயரினும், ஆண்டுதோறும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் இறுதியில் நன்றியோடு எழுதப்பெறும் பெயர் அவ்வாசிரியர்க்கு உவப்பளிக்கும்.

கலாசாலைத் தலைவர்க்கும் ஆட்சிக் குழுவினர்க்கும் எமது வேண்டுகோள் ஒன்றே. அடுத்த ஆண்டு இம்மலர் வெளிவருங்கால், விளையாட்டு வெற்றிகளும் தேர்ச்சி விழுக்காடும் இடம்பெறும் பக்கங்களுக்கிடையே இன்னும் ஒரு பக்கம் இருக்கட்டும். இவ்வாண்டு இன்ன ஆசிரியர்க்கு இத்துணை ரூபாய் அளித்தோம், அவர் கண்டது இது, காணாதது இது என்று அப்பக்கம் கூறட்டும். தொகை சிறிதாயினும் யாம் அதனை முதலில் திறந்து படிப்போம்.