அம்பயரைத் திட்டுவது லேசு

நியூயோர்க்கில் இரவு ஏழு மணி என்றால் எங்களுக்கு அடுத்தநாள் விடியக்காலை நாலரை. அந்த நேரத்துக்கு எழும்பி, அரைத்தூக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு அமெரிக்க பேஸ்போல் பார்க்கிற ஒரு சின்னக் கூட்டம் எங்களுக்குள் இருக்கிறது. ஆட்டம் முடியும்போது இரண்டு வசனங்கள் கட்டாயம் வரும். ஒன்று, “அம்பயருக்குக் கண் தெரியாது.” மற்றது, “இந்தப் பிட்சரை நம்பேலாது.” இரண்டையும் வேறுவேறு சண்டையாகத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டிருந்தோம். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே சண்டைதான்.

பேஸ்போல் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: அடிப்பவருக்கு முன்னால் தரையில் ஒரு தட்டு, அகலம் 17 அங்குலம். அதற்கு மேலே, முழங்காலுக்குச் சற்றுக் கீழிருந்து, தோளுக்கும் இடுப்புக்கும் நடுப்பகுதி வரை ஒரு கண்ணுக்குத் தெரியாத பெட்டி. அடிக்காமல் விட்ட பந்து அந்தப் பெட்டிக்குள்ளால் போனால் ஸ்ட்ரைக், வெளியே போனால் ‘போல்’. மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட். நாலு ‘போல்’ என்றால் அடிப்பவர் சும்மா நடந்து முதல் தளத்துக்குப் போகலாம். பந்து வருவது 60 அடி 6 அங்குலத் தூரத்தில் இருந்து. மணிக்கு 95 மைல் வேகத்தில் வந்தால் கிட்டத்தட்ட 0.4 செக்கனில் வந்து சேர்ந்துவிடும். அதுவும் கடைசியில் வளைந்து. அதைப் பார்த்து அம்பயர் உடனே முடிவு சொல்லவேணும்.

அப்படியிருந்தும் மேஜர் லீக் அம்பயர்கள் நூற்றுக்குச் சுமார் 94 தடவை சரியாகச் சொல்கிறார்கள். எங்களில் யாரும் பரீட்சையில் அவ்வளவு எடுத்ததில்லை! ஆனால் ஒரு ஆட்டத்தில் அவர் முடிவு சொல்லவேண்டிய பந்துகள் சுமார் 150 என்று வைத்தால், ஒன்பது பிழை. ஆளுக்கு ஒரு ஸ்ட்ரைக், ஒரு ‘போல்’ என்று நிற்கும்போது அடுத்த பந்து பிழையாகச் சொல்லப்பட்டால், அந்த மோதலின் போக்கே மாறிவிடும். அதற்குப் பிறகு வருகிற ஓட்டம் பிட்சரின் கணக்கில்தான் எழுதப்படும். அம்பயரின் பெயர் அந்தக் கணக்கில் எங்கும் இராது. “நம்பேலாது” என்று நாங்கள் ஒருவரைத் தள்ளிவைக்கிற புள்ளிவிபரத்துக்குள் இன்னொருவரின் பிழையும் கலந்திருக்கிறது.

இதில் எங்களுக்கு உண்மையில் உறுத்துவது பிழையின் எண்ணிக்கை அல்ல, பிழை யார் பக்கம் சாய்கிறது என்பது. பெயர் எடுத்த பிட்சர்களுக்குப் பெட்டி கொஞ்சம் அகலமாகும் என்று வீரர்களே நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். பந்தின் பாதையைக் கமராக்கள் அளக்கத் தொடங்கிய பிறகு வந்த ஆய்வுகளும் அதை ஆமோதித்தன. நட்சத்திரங்களுக்கு ஒரு அங்குலம் கூடுதலாகக் கிடைக்கிறது. புதிதாக வந்த பெடியனுக்கு அது கிடைக்காது. 90களில் அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் டொம் கிளாவினும் கிரெக் மடக்ஸும் வெளி ஓரத்துப் பந்துகளுக்கு வாங்கிய ஸ்ட்ரைக்குகள் பற்றி எதிரணி ரசிகர்கள் இன்றைக்கும் புறுபுறுப்பார்கள்.

இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள்: “அவர்கள் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போட்டு அந்த நம்பிக்கையைச் சம்பாதித்தவர்கள்.” ஓம், சம்பாதித்தவர்கள்தான். கடைசி இன்னிங்ஸில் யாரை இறக்குவது என்று பயிற்சியாளர் யோசிக்கும்போது அந்த நம்பிக்கை செல்லுபடியாகும். ஆனால் இந்தப் பந்து தட்டுக்கு மேலால் போனதா இல்லையா என்ற கேள்விக்கு, போட்டவரின் பெயர் எப்படிப் பதிலாகும்?

வேடிக்கை என்னவென்றால், 1997 ஒக்டோபர் 12ஆம் திகதி அதே பிரேவ்ஸுக்கு இது திரும்பி வந்தது. தேசிய லீக் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம். தட்டுக்குப் பின்னால் நின்றவர் எரிக் கிரெக். அன்றைக்கு அவருடைய பெட்டி பக்கவாட்டில் மிக அகலம். புளோரிடா மார்லின்ஸின் புதுமுகம் லிவான் ஹெர்னாண்டஸ் 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். மார்லின்ஸ் 2-1 என வென்றது. அதே பெட்டி மறுபக்கம் பந்து போட்ட மடக்ஸுக்கும் கிடைத்ததுதான். ஆனாலும் அந்த 15 ஐச் சொல்லும்போதெல்லாம் கூடவே ஒரு “ஆனால்” வரும். பிழையான தீர்ப்பு தோற்றவரைப் பாதிப்பது போலவே வென்றவரின் உழைப்பிலும் கறை பூசுகிறது.

சரி, அம்பயர்களைத் தூக்கிவிட்டு மெஷினை வைத்தால் முடிந்ததா? எங்களில் பாதிப்பேர் அப்படித்தான் சொன்னோம். மேஜர் லீக் 2026 பருவத்துக்கு ஏற்றுக்கொண்டது நடுவழி ஒன்று. அம்பயரே முடிவு சொல்வார். ஒவ்வொரு அணிக்கும் இரண்டு ஆட்சேபணை. கேட்கக்கூடியவர்கள் அடிப்பவர், பிட்சர், கட்சர் மட்டும். உடனே தலையைத் தட்டிக் காட்டவேணும், வெளியில் இருந்து யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. சரியாக இருந்தால் அந்த வாய்ப்பு கையிலேயே இருக்கும். பெட்டியும் ஒவ்வொருவரின் உயரத்தை வைத்தே அளக்கப்படுகிறது: மேல் எல்லை உயரத்தில் 53.5 வீதம், கீழ் எல்லை 27 வீதம். பந்து போட்டவர் நட்சத்திரமா புதுமுகமா என்று கமராவுக்குத் தெரியாது.

2025 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் இதைப் பரீட்சித்தபோது வந்த முடிவுதான் எங்கள் வாயை அடைத்தது. ஆட்சேபணைகளில் அரைவாசி அளவுதான் சரியாக இருந்தது. அதிலும் கட்சர்கள் ஓரளவு நன்றாகக் கணித்தார்கள். ஆகக் குறைவாகச் சரி வந்தது பிட்சர்களுக்கு. தானே போட்ட பந்து எங்கே போனது என்பதை, போட்டவராலேயே ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அப்படியிருக்க, போன் திரையில் ஒரு தட்டைச் சதுரத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் கத்துகிறோம். தட்டுக்கு மேலுள்ள பெட்டிக்கு முன்பக்கமும் பின்பக்கமும் இருக்கிறது என்பதைக்கூட மறந்துவிட்டு.

இது எங்களுக்குப் புதுக்கதையும் இல்லை. 1995இல் மெல்பேர்ணில் டரல் ஹேர் முரளிதரனுக்கு நோ போல் கொடுத்தபோது, அவர் நம்பியது தன் கண்ணை. பிறகு ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்ததில், ‘சுத்தமான’ பந்துவீச்சாளர்கள் எனப்பட்ட பலரின் முழங்கையும் வளைவது தெரியவந்தது. 15 பாகை என்ற பொது எல்லை வந்தது. கிரிக்கெட்டில் தீர்ப்பை மீளாய்வு செய்கிற முறை முதன்முதல் டெஸ்ட்டில் பரீட்சிக்கப்பட்டதும் 2008இல் இலங்கையில், இந்தியாவுக்கு எதிரான தொடரில்தான்.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது: மனிதன் முடிவு சொல்லட்டும். ஆனால் கேள்வி கேட்க ஒரு வழி இருக்கவேணும். அந்த வழி எல்லாருக்கும் ஒரே அளவாக இருக்கவேணும். 2010 யூன் 2ஆம் திகதி டெட்ரொய்ட்டின் அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கியிருந்தார். 27ஆவது ஆளை முதல் தளத்தில் நின்ற அம்பயர் ஜிம் ஜோய்ஸ் ‘சேஃப்’ என்றார். பிழை. ரீப்ளே பார்த்த ஜோய்ஸ் அழுதபடி மன்னிப்புக் கேட்டார். அடுத்தநாள் கலராகாவே அணிப்பட்டியலைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தார். ஜோய்ஸ் மோசமான அம்பயரும் இல்லை. அதே மாதம் வீரர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் சிறந்தவர் என்று வந்தவர். இரண்டு நல்ல மனிதர்கள். ஆனாலும் அந்தப் பதிவைத் திருத்த அன்றைக்கு வழி இருக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் திருத்தப்படவும் இல்லை.

அடுத்த முறை விடியக்காலை எழும்பினால் ஒன்று செய்து பாருங்கோ. ஒரு இன்னிங்ஸுக்குத் திரையில் அந்தச் சதுரம் வருகிற இடத்தைக் கையால் மறைத்துவிட்டு, ஒவ்வொரு பந்துக்கும் நீங்களே ஸ்ட்ரைக்கா ‘போல்’லா என்று சொல்லி, தாளில் எழுதுங்கோ. பிறகு ரீப்ளேயோடு ஒப்பிட்டுப் பாருங்கோ. எங்களில் மூன்று பேர் செய்தோம். எத்தனை பிழை வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.