பாரதமா, இந்தியாவா: சேரியிலிருந்து சில கேள்விகள்

‘இந்தியா’ என்பது வெள்ளைக்காரன் வைத்த பெயராம். அடிமைச் சின்னமாம். அதைத் தூக்கி எறிந்துவிட்டு ‘பாரதம்’ என்கிற ‘நம்முடைய’ பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டுமாம். 2023 செப்டம்பரில் ஜி-20 விருந்துக்கான ஆங்கில அழைப்பிதழில் ‘பாரதத்தின் குடியரசுத் தலைவர்’ என்று அச்சடித்தார்கள். அன்றிலிருந்து இந்தப் பேச்சு எங்கள் வாசிப்பு வட்டம் வரைக்கும் வந்துவிட்டது. விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு தம்பி கேட்டான்: “ஏண்ணே, பாரதம்னு சொன்னா என்னண்ணே தப்பு? அது நம்ம பேருதானே?” அந்த ‘நம்ம’ என்ற சொல்லில்தான் எனக்குச் சிக்கல். யார் அந்த நாம்?

முதலில் வெள்ளைக்காரன் கதையை முடித்துவிடலாம். சிந்து என்பது ஒரு ஆறு. பாரசீகத்தானுடைய வாயில் ‘ச’ ‘ஹ’ ஆனது. சிந்து ஹிந்து ஆயிற்று. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் தாரா மன்னன் தன் ஆட்சிப் பகுதிகளைக் கல்லில் பட்டியலிட்டபோது ‘ஹிந்துஷ்’ என்று அந்த ஆற்றோர நாட்டையும் வெட்டி வைத்தான். கிரேக்கன் அந்த ‘ஹ’வையும் விழுங்கினான், இந்தோஸ், இந்தியா. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதியபோது லண்டன் என்று ஒரு நகரமே கிடையாது. அரபியில் அதே ஆறு ‘அல்-ஹிந்த்’. சீனத்தில் ‘ஷெந்து’, பிறகு ‘தியென்சு’. ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் ‘யிந்து’ என்பதே சரியான உச்சரிப்பு என்று திருத்தி, அதற்கு நிலா என்று பொருளும் சொல்லிவிட்டுப் போனார். ஆக, ஒரு ஆற்றின் பெயர் ஊர் ஊராக நடந்து, போகிற இடத்து நாக்குக்கு ஏற்ற மாதிரி தேய்ந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

அடுத்தவன் வைத்த பெயர் என்றால் அடிமைத்தனமா? ஜெர்மானியன் தன் நாட்டை டாய்ச்லாந்து என்கிறான். பக்கத்துப் பிரெஞ்சுக்காரன் அல்மாஞ் என்கிறான். போலந்துக்காரன் நியெம்ட்ஸி என்கிறான், அதன் வேர் ஊமை என்ற சொல். ஜெர்மானியன் இதற்காகத் தூக்கமிழந்ததாகத் தெரியவில்லை. கிரேக்கன் தன்னை எல்லினஸ் என்கிறான். நம்முடைய சங்கப் புலவனுக்கு அவன் ‘யவனன்’. அது அயோனியா என்ற ஒரு மூலையின் பெயர். நாமும்தான் ஊருக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். இந்தியாவும் ஹிந்துவும் ஒரே ஆற்றில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். ‘இந்தியா’ அந்நியச் சொல் என்றால் ‘இந்து’ எந்த வேதத்திலிருந்து இறங்கியது? இந்து என்ற பெயரே முசுலிம்கள் தங்களைப் பிரித்துக் காட்ட இங்குள்ளவர்களுக்கு வைத்தது என்று பாபாசாகேப் அம்பேத்கர் 1936-இலேயே சாதி ஒழிப்பு நூலில் எழுதிவிட்டார். அந்நியப் பெயர்தான் அவமானம் என்றால் முதலில் அதைக் கழற்றுங்கள் ஐயா, அப்புறம் இந்தியாவுக்கு வரலாம்! கழற்றமாட்டார்கள். ஏனென்றால் பிரச்சனை பெயர் எங்கிருந்து வந்தது என்பதில்லை.

சரி, பாரதம் எங்கிருந்து வந்தது? ரிக் வேதத்தில் பரதர் என்று ஒரு கூட்டம். அதன் தலைவன் சுதாசு பத்து அரசர்களோடு போரிடுகிறான். பிறகு துஷ்யந்தன் மகன் பரதன் என்றார்கள். ரிஷபர் மகன் பரதன் என்று சமணர்கள் சொன்னார்கள். எந்தப் பரதன் என்பதிலேயே ஒத்த கருத்து கிடையாது. கல்லில் இந்தப் பெயர் முதன்முதலாகக் கிடைப்பது ஒரிசாவின் ஹாத்திகும்பா கல்வெட்டில், கி.மு. இரண்டாம் அல்லது முதல் நூற்றாண்டு. வெட்டியவன் கலிங்கத்துச் சமண மன்னன் காரவேலன். என்ன வெட்டினான் தெரியுமா? ‘பரதவச’த்தின் மேல் படையெடுத்ததாக! அவனுக்குப் பாரதம் என்பது வடக்கே இருக்கிற வேறொரு நாடு. அதே கலிங்கத்துக்குப் போய் வந்தால் வேள்வி செய்து தீட்டுக் கழிக்கவேண்டும் என்று பௌதாயன தர்ம சூத்திரம் சொல்கிறது. இன்றைக்கு இமயம் முதல் குமரிவரை ஆதியிலிருந்தே ஒரே பாரதம் என்கிறவர்கள் இந்த இரண்டையும் எதிர் எதிரே வைத்துப் படிக்கவேண்டும்.

கடலுக்கு வடக்கே, பனிமலைக்குத் தெற்கே இருப்பது பாரதம், அதன் மக்கள் பாரதியர் என்ற விஷ்ணு புராணச் சுலோகத்தை மேடைதோறும் ஒப்பிக்கிறார்கள். ஆனால் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கொஞ்சம் தள்ளிப் படியுங்கள். கிழக்கு ஓரத்தில் கிராதர், மேற்கு ஓரத்தில் யவனர், நடுவிலே பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், அவரவர் தொழிலோடு என்று குடிக்கணக்கு எடுத்திருக்கிறது அந்தப் புராணம். ஓரத்தில் இருப்பவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. நடுவில் இருப்பவனுக்கு நாலு பெயர் இருக்கிறது. நான் எங்கே? என் பாட்டனும் பூட்டனும் எந்தத் திசையில் இருந்தார்கள்? பாரதம் என்ற சொல்லுக்கு எல்லை வரைகிற அதே கை, வரிசையில் எங்களை விட்டுவிட்டுப் போகிறது. மனு இன்னும் வெளிப்படையானவர். அவருடைய ஆரியாவர்த்தம் விந்தியத்தோடு முடிந்துபோகிறது. சண்டாளனின் குடியிருப்பு ஊருக்கு வெளியே, உடுப்பு பிணத்தின் துணி. எங்களைப் பற்றி இவர்கள் எழுதியதெல்லாம் வெளியே தள்ளுவதற்காக எழுதியதுதான்.

வெளியிலிருந்து வந்தவர்கள் என்ன எழுதினார்கள் என்று பார்ப்போம். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பாஹியான், சண்டாளர்கள் ஊருக்குள் நுழையும்போது கட்டையைத் தட்டிக்கொண்டு வரவேண்டியிருந்ததை எழுதி வைத்தார். 1030 வாக்கில் ‘ஹிந்த்’ பற்றிப் பெரும் நூல் செய்த அல்பிரூனி, நாலு வருணத்துக்கும் கீழே அந்தியசர் என்போர் இருப்பதையும், செருப்புத் தைப்பவர், நெசவாளர், மீனவர், கூடை முடைபவர் எல்லோரும் ஊருக்குப் பக்கத்தில், ஆனால் ஊருக்கு வெளியே குடியிருப்பதையும் குறித்தார். அவருக்கும் கீழே ஹாடி, டோம், சண்டாளர் என்று கணக்கிலேயே சேராதவர்களையும் குறித்தார். அந்நியன் நல்லவன் என்று நான் சொல்லவரவில்லை. அவனவனுக்கு அவனவன் அரசன், அவனவன் மதம். ஆனால் இந்த மண்ணுக்குப் பெயர் சொன்ன அந்நியன் கண்ணுக்கு நாங்கள் தெரிந்தோம்.

இந்தப் பெயர்ச் சண்டையில் பண்டிதர் அயோத்திதாசரை மறப்பது பெரிய அநியாயம். 1907-இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் வழியாக அவர் ஒரு மாற்று வரலாற்றையே எழுதினார். ஐம்புலன்களை, இந்திரியங்களை வென்ற புத்தரே இந்திரர், அவர் அறம் பரவிய நிலம் இந்திர தேசம், அதுவே இந்தியா. ‘இந்திரர் தேச சரித்திரம்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார். மொழியியல்படி இது நிற்காது. வேர் சிந்துதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பாருங்கள், பாரதத்தை அவர் மெனக்கெட்டு மீட்க முயலவில்லை. இந்தியா என்ற சொல்லைப் பிடித்து, அதற்குள் புத்தரைக் குடியேற்றி, பூர்வ பௌத்தர்களாகிய நாமே இந்த மண்ணின் சொந்தக்காரர்கள் என்று வழக்குத் தொடுத்தார். அசோகனும் தன் நாட்டைக் கல்லில் சம்புத் தீவு என்றுதான் சொன்னான். மணிமேகலைக்கும் அது நாவலந்தீவு. ஒரு மரத்தின் பெயர்! மரத்துக்கும் ஆற்றுக்கும் வருணம் கிடையாது.

அரசியல் நிர்ணய சபைக்கு வருவோம். 1948 வரைவில் ‘இந்தியா’ மட்டும்தான் இருந்தது. பாரதம் வேண்டும் என்ற நெருக்குதல் வந்தபின், 1949 செப்டம்பரில் ‘இந்தியா, அதாவது பாரதம்’ என்ற திருத்தத்தை அண்ணல் அம்பேத்கரே கொண்டுவந்தார். போதவில்லை. பாரதம் முன்னால் வரவேண்டும், இந்தியா வெறும் ஆங்கிலப் பெயர் என்று எழுதவேண்டும் என்று எச்.வி. காமத் அயர்லாந்து அரசியல் சட்டத்தைக் காட்டி வாதாடினார். கமலாபதி திரிபாதி வேத காலப் பெருமைகளை அடுக்கினார். இவ்வளவும் தேவையா, செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது என்று அம்பேத்கர் இடைமறித்தார். எனக்கு அந்தக் கூட்டத்தின் பதிவில் மிகவும் பிடித்த இடம் இதுதான். காமத்தின் திருத்தம் 38-க்கு 51 என்ற கணக்கில் தோற்றது. ஆனால் இந்தி மொழிபெயர்ப்பை எடுத்துப் பாருங்கள். அங்கே ‘பாரத், அர்த்தாத் இண்டியா’ என்று வரிசை சத்தமில்லாமல் தலைகீழாகிக் கிடக்கிறது. வாக்கெடுப்பில் தோற்றது மொழிபெயர்ப்பில் ஜெயித்துவிட்டது!

அதனால் ‘இந்தியா’ என்றால் விடுதலை, கொண்டாடுவோம் என்று சில முற்போக்குத் தோழர்கள் கிளம்புகிறார்களே, அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எனக்குத் தாய்நாடு கிடையாது என்று 1931-இல் காந்தியிடம் முகத்துக்கு நேரே சொன்னவர் அம்பேத்கர். ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்து கிடப்பவர்கள் எப்படி ஒரு தேசமாக முடியும் என்று அரசியல் சட்டம் நிறைவேறுவதற்கு முந்தைய நாள், 1949 நவம்பர் 25-இல் கேட்டவரும் அவரே. இந்தியா என்ற பெயரில் எங்களுக்கு இருப்பது உறவு அல்ல, ஒரு ஒப்பந்தம். அதில் கையெழுத்து இருக்கிறது, 17-ஆம் பிரிவு இருக்கிறது, மீறினால் கேட்கலாம். பாரதத்திடம் எதைக் காட்டிக் கேட்பது? விஷ்ணு புராணத்தையா?

பெயரில் என்ன இருக்கிறது என்று மட்டும் எவனும் எங்களிடம் சொல்லவேண்டாம். 1997-இல் விருதுநகர் பக்கம் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். தென்மாவட்டங்கள் எரிந்தன. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாத் தலைவர்களின் பெயரையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. பாரதம் என்று தேசத்துக்கே பெயர் வைக்கச் சொல்லும் நாட்டில், ஒரு பேருந்தின் நெற்றியில் எங்களவர் பெயர் நிற்க முடியவில்லை.

2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் ‘காலனி’ என்ற சொல் அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்லது, நீக்கட்டும். அந்தத் தம்பியிடம் நான் திருப்பிக் கேட்டேன்: “உங்க ஊர் பேரு என்னடா?” ஊரின் பெயரைச் சொன்னான். “நீ குடியிருக்கிறது?” “அது சேரிண்ணே. ஊரு ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கு.”