சான்ஸ் கொஞ்சம்தான், ஆனா கணக்கு அதோட முடியல

முதலில் புள்ளிக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2027இல் சவூதி அரேபியாவில் நடக்கப்போகும் ஆசியக் கிண்ணத்துக்கான கடைசித் தகுதிச் சுற்றில் இலங்கை உதைபந்தாட்ட அணி ஆடியது. குழுவில் மற்ற மூன்று அணிகள் தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், சைனீஸ் தாய்ப்பே என்ற பெயரில் ஆடும் தைவான். ஆளுக்கு 6 ஆட்டம். முதலாவதாக வரும் ஒரே அணிக்குத்தான் சவூதி டிக்கெட். இரண்டாவதாக வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

2025 மார்ச்சில் பாங்கொக்கில் தாய்லாந்திடம் 1-0 என்று தோற்றோம். ஜூனில் கொழும்பில் தைவானை 3-1 என்று அடித்தோம். ஆக முதல் 2 ஆட்டத்தில் 3 புள்ளி. அப்போது துர்க்மெனிஸ்தான் இரண்டையும் வென்று 6 புள்ளியோடு மேலே நின்றது. 2025 ஒக்டோபரில் அவர்களோடு இரண்டு ஆட்டம், நவம்பரில் தாய்லாந்து கொழும்புக்கு வருவதாக இருந்தது. அப்போது பிபா தரவரிசையில் தாய்லாந்து ஏறத்தாழ 100ஆவது இடத்தில் இருந்தது, நாம் 200க்குப் பக்கத்தில் இருந்தோம். சான்ஸ் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனா ரொம்ப மெல்லிசு.

இந்த மெல்லிய சான்ஸே எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 2023 ஜனவரியில் பிபா இலங்கையைத் தடை செய்தது. ஓகஸ்ட் வரைக்கும் சர்வதேச ஆட்டமே கிடையாது. தடை நீங்கி வந்ததும் ஒக்டோபரில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றின் முதல் படியிலேயே யேமனிடம் தோற்று வெளியேறினோம். அப்படித் தோற்றவர்களுக்கு வைக்கப்பட்ட பிளேஓஃபில், 2024 செப்டெம்பரில் கம்போடியாவைச் சந்தித்தோம். கொழும்பில் 0-0, நொம்பென்னில் 2-2, கடைசியில் பெனல்டியில் வெற்றி. நாம் உட்கார்ந்து கணக்குப் போட்டோமே, அது அந்த ராத்திரி தந்தது.

இந்த மாற்றத்துக்குப் பெரிய காரணம் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்கள். ஜெர்மனியில் பிறந்த கிளாடியோ கமர்க்னெக்ட், லண்டனில் பிறந்த டிலன் டி சில்வா, அவுஸ்திரேலியாவிலிருந்து ஜாக் ஹிங்கர்ட், பரத் சுரேஷ் என்று தேடித் தேடிக் கூட்டிவந்திருக்கிறார்கள். "இது வாடகை டீம்" என்று நம்ம பயலுங்களே கிண்டல் பண்றாங்க. எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. தாத்தா பாட்டி பிறந்த மண்ணுக்காக ஒருத்தன் ஆட வந்தால் அவனை அந்நியன் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. அதிலும் நமக்குச் சுத்தமா இல்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மலையில் பிறந்தவர்களைப் பார்த்தே "நீ எந்த ஊர்க்காரன்?" என்று கேட்டது. அந்தக் கேள்வியை நாம் இன்னொருத்தரிடம் திருப்பிக் கேட்கலாமா?

எங்கள் கேள்வி வேற. லண்டன் வரைக்கும் போய்த் தேடுகிற கண், ஹட்டனுக்கு ஏன் ஏறி வர மாட்டேங்குது?

மஸ்கெலியா, பொகவந்தலாவ, நோர்வூட், டிக்கோயா என்று எந்தப் பக்கம் போனாலும் தேயிலைக்கு நடுவில் ஒரு மட்டமான இடம் இருந்தால் அங்கே ரெண்டு கோல் கம்பம் நிற்கும். பந்து கொழுந்துச் செடிக்குள்ளே போனால் அட்டைக்கடியோடுதான் எடுத்து வரணும். மழை பெய்தாலும் ஆட்டம் நிற்காது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் கிண்ணப் போட்டி நடக்கும். பைனலுக்கு லயமே காலியாகி மைதானத்தைச் சுற்றி நிற்கும். ஆனால் தேர்வாளர் என்று சொல்லி ஒருத்தர் அந்தக் கூட்டத்தில் நின்று எங்கள் கண்ணால் நாங்கள் பார்த்ததில்லை.

பதினாறு, பதினேழு வயதில் நல்லா ஆடுகிற பையன், ஓஎல் முடிந்ததும் கொழும்பில் ஏதாவது கடையில் வேலைக்கு நிற்கிறான். அதோடு அவன் ஆட்டம் முடிந்தது. 2025இல் அம்மாவுக்கு அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அதில் நல்ல பூட்ஸ் ஒரு ஜோடி வாங்க எத்தனை நாள் கொழுந்து எடுக்கணும்? கொழும்பில் ஒரு தெரிவுப் போட்டி என்றால் பஸ்ஸுக்கே கடன் வாங்கணும். பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தடை எல்லாம் இரண்டு மடங்கு. மைதானம்கூட நம்முடையது இல்லை. நிலம் கம்பனி நிர்வாகத்தின் கையில் இருப்பதால், தோட்டத்துரை மனசு வைத்தால்தான் கிரவுண்ட்.

ஐஸ்லாந்தின் சனத்தொகை ஏறத்தாழ நான்கு இலட்சம்தான். குளிர், பனி, வெளியில் ஆட முடியாத மாதங்கள். அவர்கள் உள்ளக மைதானங்களைக் கட்டினார்கள், சின்னப் பிள்ளைகளுக்கும் முறையாகப் பயிற்சி பெற்ற கோச்களைக் கொடுத்தார்கள். 2016 யூரோ கிண்ணத்தில் இங்கிலாந்தை 2-1 என்று வீழ்த்தினார்கள், 2018இல் உலகக் கிண்ணத்துக்கே போனார்கள். ஒரே சீசனில் வந்த அதிர்ஷ்டம் இல்லை அது, பல வருஷ வேலை.

அதனால் நாங்கள் கேட்பது கோட்டா இல்லை. "எங்க ஆள் ஒருத்தரை டீம்ல போடுங்க" என்று கெஞ்சவும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஹட்டன் டன்பார் மைதானத்திலும் நுவரெலியாவிலும் முன்கூட்டியே அறிவித்து, திறந்த தெரிவுப் போட்டி வையுங்கள். இங்கே உள்ள பாடசாலைகளுக்குச் சான்றிதழ் பெற்ற கோச்களைத் தாருங்கள். தோட்டத்து மைதானங்களைத் தோட்டத்துப் பிள்ளைகளின் பேரில் எழுதிக் கொடுங்கள். வந்து பார்த்துவிட்டு "தகுதி இல்லை" என்று சொன்னால் ஏற்றுக்கொள்வோம். பார்க்காமலே சொல்வதைத்தான் ஏற்க முடியாது.

நாங்கள் இலங்கைக்குத்தான் கத்துவோம், அதில் சந்தேகம் வேண்டாம். வென்றால் சந்தோஷம். தோற்று வெளியேறினால், கோச்சை மாத்து, பிளேயரை மாத்து என்று கொஞ்ச நாள் சத்தம் கேட்கும், பிறகு அடங்கும். அப்படி அடங்குகிற நேரத்தில்தான் இந்தக் கேள்வியை விடாமல் கேட்கணும்: அடுத்த தகுதிச் சுற்றுக்கு ஆட வேண்டிய பிள்ளைக்கு இப்ப பத்து, பன்னிரண்டு வயசு. அவள், அவன் எந்தத் தோட்டத்தில் இருக்கிறாங்க என்று யாருக்காவது தெரியுமா?