எச்.ஐ.வி.யும் நுரையீரல் புற்றுநோயும்: இடிக்கும் வயது வரம்பு

எச்.ஐ.வி. தொற்றுக்கான கூட்டு மருந்துச் சிகிச்சை 1996ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பின்னர், மேற்கு நாடுகளில் எய்ட்ஸ் மரணங்கள் பெருமளவில் குறைந்தன. ஆனால் ஆயுள் நீண்டவர்களை இப்போது வேறு நோய்கள் அச்சுறுத்துகின்றன. மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டும் புகைப்பழக்கத்தைக் கைவிடாதவர்கள், எய்ட்ஸ் தொடர்பான காரணங்களால் இறப்பதைவிட நுரையீரல் புற்றுநோயால் இறப்பதற்கான வாய்ப்பு 6 முதல் 13 மடங்கு அதிகம் என்று 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

இந்நோயை முன்கூட்டியே கண்டறிய வழி உண்டு. சுமார் 53 ஆயிரம் பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் முடிவு வெளியான மற்றொரு அமெரிக்க ஆய்வில், குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் செய்துகொண்டவர்களிடையே இப்புற்றுநோயால் ஏற்பட்ட மரணங்கள், மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்களைவிட 20 சதவீதம் குறைந்திருந்தன. சிக்கல், இந்த ஸ்கேன் யாருக்குக் கிடைக்கும் என்பதில்தான் இருக்கிறது.

அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021இல் அளித்த பரிந்துரை 50 வயதில் தொடங்குகிறது. அதிலும், நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் 20 ஆண்டுகள் புகைத்ததற்கு ஈடான பழக்கம் இருந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2023இல் அறிவிக்கப்பட்ட திட்டமோ 55 முதல் 74 வயது வரையுள்ளவர்களுக்கானது. இரண்டிலுமே எச்.ஐ.வி. தனியான தகுதியாகச் சேர்க்கப்படவில்லை. ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இப்புற்றுநோய் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது.

பிரான்சில் 40 வயதைக் கடந்த, எச்.ஐ.வி. தொற்றுள்ள 442 புகைப்பழக்கத்தினரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு இங்கே கவனத்துக்குரியது. அவர்களில் 10 பேருக்குப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அந்தப் பத்துப் பேரில் 8 பேர் 55 வயதுக்குக் குறைந்தவர்கள். இங்கிலாந்தின் திட்டப்படி அவர்களுக்கு அழைப்பே சென்றிருக்காது.

வயது வரம்பைத் தளர்த்துவதில் மருத்துவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. பழைய காசநோயும் நிமோனியாவும் நுரையீரலில் விட்டுச்சென்ற தழும்புகள், ஸ்கேனில் புற்றுநோய்க் கட்டிகளைப்போலத் தோன்றி, தேவையற்ற திசுப் பரிசோதனைகளுக்கு இட்டுச்செல்லலாம். இது புறந்தள்ளக்கூடிய வாதமல்ல. எனினும் அந்தப் பிரெஞ்சு ஆய்வில் அவ்வாறு ஊசியோ அறுவையோ தேவைப்பட்டவர்கள் 15 பேர் மட்டுமே. எவருக்கும் கடுமையான பாதிப்பு ஏற்படவில்லை. ஆய்வு சிறியதுதான். ஆனால் 2011ஆம் ஆண்டின் பெரிய ஆய்வு, எச்.ஐ.வி. உள்ளவர்களை மனதில்கொண்டு வடிவமைக்கப்பட்டதே அல்ல.

அமெரிக்காவில் இது பணம் சார்ந்த கேள்வியும்கூட. பணிக்குழு உயர்தரமாக மதிப்பிட்டுப் பரிந்துரைக்கும் பரிசோதனைகளுக்கே காப்பீட்டு நிறுவனங்கள் முழுச் செலவையும் ஏற்கவேண்டும் என்கிறது சட்டம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடர்பாக எழுந்த வழக்கில், 2025 ஜூனில் உச்சநீதிமன்றம் இந்த ஏற்பாட்டைக் காப்பாற்றியது. ஆனால் பணிக்குழுவை மேற்பார்வையிடும் அதிகாரம் சுகாதார அமைச்சருக்கு உண்டு என்பதையும் அது உறுதிப்படுத்தியது. 50 என்ற எண் மாறுமா என்பது, ஆகவே, மருத்துவர்கள் கையில் மட்டும் இல்லை.