லாஹ்தியில் வென்ற யுவதி

‘ஸ்கீ’ எனப்படும் நீண்ட சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டி, இரு கைகளிலும் கோலூன்றி, பனிக் காட்டின் வழியே முப்பது மைல் விரைந்து செல்வதே பின்லாந்துக்காரர்கள் நெடுங்காலமாகப் போற்றி வந்த பந்தயம். 1917-இல் ரஷ்யப் பிடியிலிருந்து விடுபட்ட அச்சிறு தேசத்துக்கு இது வெறும் பொழுதுபோக்கன்று. 1939-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சோவியத் படை எல்லை கடந்து வந்தபோது, வெள்ளாடை தரித்த பின்லாந்து வீரர்கள் ஸ்கீயில் விரைந்து சென்று அதை எதிர்த்தார்கள்.

இந்நெடும் பந்தயத்துக்கு அருகே பிற்காலத்தில் முளைத்தது ‘ஸ்பிரிண்ட்’ என்னும் குறும் பந்தயம். தூரம் ஏறக்குறைய ஒரு மைல், அல்லது அதற்கும் குறைவு. ஒரு சுற்றுக்குச் சில நிமிஷங்களே. சுலபம் என்று எண்ணிவிட வேண்டாம். முதலில் ஒவ்வொருவராய்ச் சென்று நேரத்தால் தகுதி பெற வேண்டும். பிறகு சிறு சிறு கூட்டமாய் மோதி, ஒரே நாளில் மூன்று நான்கு முறை உயிரைக் கொடுத்து விரைய வேண்டும். ஒருவர் கோல் மற்றவர் கட்டையில் சிக்கினால் வருஷம் முழுவதும் செய்த பயிற்சி பாழ்!

2001 பிப்ரவரியில் பின்லாந்தின் லாஹ்தி நகரில் நடந்த உலகப் போட்டியில்தான் ஸ்பிரிண்ட் முதன் முதலாக இடம் பெற்றது. பெண்களுக்குரிய தங்கப் பதக்கத்தை வென்றவர் பத்தொன்பது வயதுக் குமாரி பிர்யோ மன்னினென். ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ரோவானியெமி அவருடைய ஊர். 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை கொளுத்திச் சாம்பலாக்கிய பின் மீண்டும் எழுந்த ஊர் அது. தமையனார் ஹன்னுவும் பனி விளையாட்டில் கீர்த்தி பெற்றவரே.

சொந்த மண்ணில், சொந்த ஜனங்களிடையே பெற்ற வெற்றி! ஆனால் அவ்வருஷத்து லாஹ்தி என்றால் உலகத்துக்கு நினைவு வருவது வேறு. ஹெல்சிங்கி விமான நிலையத்துக்கருகே ஒரு பெட்ரோல் நிலையத்தில் பின்லாந்து ஸ்கீ சங்கத்தின் மருத்துவப் பை ஒன்று அகப்பட்டது. ரத்தத்தின் நீர்ப்பாகத்தைப் பெருக்கிச் சோதனைக்காரர் கண்ணை மறைக்க உதவும் திரவத்தை, மிகா மில்லிலா, ஹரி கிர்வெஸ்னியெமி முதலிய ஆறு பின்லாந்து வீரர்கள் ஏற்றிக்கொண்டிருந்தது பரிசோதனையில் வெளியாயிற்று.

அந்த ஆறு பேரில் மன்னினென் இல்லை. ஆயினும் அணி முழுவதும் தலைகுனிய வேண்டியதாயிற்று. இத்தகைய சமயத்தில் குற்றமற்றவரின் பதக்கத்தையும் ஜனங்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள் அல்லவா? குற்றம் செய்தவருக்கு இரண்டு வருஷத் தடை. செய்யாதவர் எத்தனை வருஷம் சந்தேகத்தைச் சுமக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

தனிப் பந்தயத்தில் உலகப் பட்டம் அவருக்கு மீண்டும் கிட்டவில்லை. விவாகமாகி முரனென் என்ற பெயருடன், 2009-இல் செக் நாட்டின் லிபெரெட்ஸில், நால்வர் தொடர் பந்தயத்துக்கு வந்தார். ஆளுக்கு ஐந்து கிலோமீட்டர். குறும் பந்தயக்காரருக்கு இது பழகிய தூரமன்று. அந்நால்வரில் ஒருவர் விர்பி குய்டுனென். 2001-இல் தண்டிக்கப்பட்ட ஆறு பேரில் ஒருவராயிருந்து, தடை முடிந்து திரும்பி, 2007, 2008 இரு வருஷமும் உலகக் கோப்பையை வென்றவர்!

இதைக் கண்டு முகம் சுளிப்போரும் உண்டு. தண்டனையை அநுபவித்து முடித்தவரை மேலும் தண்டிக்க யாருக்கும் உரிமையில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதை என்னைப் போல் தூரத்திலிருந்து சொல்வது எளிது. அந்த வருஷத்து லாஹ்தியில் தாமும் பதக்கம் பெற்ற முரனென் அல்லவா அருகில் நிற்க வேண்டும்?

நின்றார், பின்லாந்து தங்கம் வென்றது. மறு வருஷம் கானடாவின் வான்கூவர் ஒலிம்பிக்கில் அதே நால்வர், நார்வேக்கும் ஜெர்மனிக்கும் அடுத்து மூன்றாவதாக வந்தனர். குறும் பந்தயத்தால் பெயர் பெற்ற முரனெனுக்குக் கிடைத்த ஒரே ஒலிம்பிக் பதக்கம் அந்த வெண்கலந்தான்.